வகிட்டில் வைத்த புள்ளிகள்

இன்று காலை ஸ்ரீரங்கத்திலிருந்து திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் பஸ்ஸில், தினமும் என்னோடு வரும் டீச்சர் ஒருவர் மெதுவாகக் கேட்டார்.

"உங்க வகிடு அகலமா இருக்குமே. இப்ப முடி நல்லா வளர்ந்திருக்கு. என்ன எண்ணெய் போடுறீங்க?"

இரண்டு வருடம் வகிட்டில் கண்மை தீட்டி மறைக்கப் பார்த்தவள் நான். இன்று மறைக்கத் தோன்றவில்லை.

"முடி வளரலங்க. கொட்டுன எடத்துல ஊசியால மைப்புள்ளி வச்சுக்கிட்டேன், பச்சை குத்துற மாதிரி."

"வெளிய சொல்ல கூச்சமா இல்லையா?"

"மறைச்சப்பதான் கூச்சமா இருந்துச்சு."

டீச்சர் தலையைக் குனிந்து தன் வகிட்டைக் காட்டினார். "எனக்கும் வைக்கலாமா, பாருங்க."

டிக்கெட் கொடுக்க வந்த கண்டக்டர் தன் உச்சந்தலையைத் தடவியபடி நின்றார். "ஆம்பளைங்களுக்கும் வைப்பாங்களாம்மா?"

வைப்பார்கள். இதைப் படிக்கையில் உங்களில் யார் கை தலைக்குப் போனது என்று ஒளிக்காமல் சொல்லுங்கள்.