ஒரு கிலோ கல்லுப்போடு மார்க்கையன்கோட்டைக்கு

நான்கு வருடமாக விக்கா வழியில் கும்பிடுகிறேன். சூனியக்காரியா என்று கேட்பவர்களுக்கு: இயற்கையைத் தெய்வமாகக் கும்பிடுவது, அவ்வளவுதான். மதுரையில் மொட்டைமாடி சிமெண்டில் நின்று கும்பிட்டு அலுத்துப்போச்சு. பகலும் இரவும் சமமாகும் செப்டம்பர் நாளையாவது நிஜ மண்ணில் கொண்டாட ஆசைப்பட்டேன். சின்னமனூர்த் தோழி, தன் பெரியம்மா பாண்டியம்மாளின் வாழைத் தோட்டத்தில் நான் கும்பிட அனுமதி கேட்டு வைத்தாள்.

முந்தைய நாளே சின்னமனூரில் அறை எடுத்தேன், 700 ரூபாய். அங்கிருந்து மார்க்கையன்கோட்டை ஐந்து கிலோமீட்டர், ஆட்டோ 150. காலை 5.50க்குத் தோட்டத்தில் செருப்பைக் கழற்றினேன். ஈர மண் காலில் பட்ட சந்தோஷத்தில் வரப்போரம் ஒரு சுற்று நடந்தேன்.

முதலில், உள்ளே நின்று கும்பிட ஒரு வட்டம் போட வேண்டும். நான் உப்பில் போடுவேன். எங்களுக்கு அது மண்ணின் அடையாளம். ஒரு கிலோ கல்லுப்பையும் இளங்கன்றுகளைச் சுற்றித் தூவி முடித்தபோது பாண்டியம்மாள் வந்தார்.

“ஏம்மா, என்னத்தப் போடுற?”

“உப்பு, பெரியம்மா. மண்ணுக்கு மரியாதை.”

“நல்ல மரியாதை போ. ஏழு மணிக்கு எங்க வீட்டுக்காரவுக தண்ணி திறந்து விடுவாக. அம்புட்டும் கரைஞ்சு வேருக்குப் போயி கன்னு கருகிரும். அள்ளு மொதல்ல.”

முகத்தை எங்கே வைத்துக்கொள்வது? சுற்றுச்சூழல் என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிறவள் நான். அவர் ஒரு யூரியா சாக்கைக் கொண்டுவந்தார். இருவரும் குத்தவைத்து, வட்டம் முழுக்க நாலு விரல் ஆழத்துக்கு மண்ணைத் தோண்டி அள்ளினோம். மண்புழு வந்தால் அதை மட்டும் எடுத்து கன்றடியில் விடச் சொன்னார். இடுப்பு விட்டுப்போனது. இத்தனை வருடம் பூமித்தாயே என்று கூப்பிட்டிருக்கிறேன்; அவள் என் நகக்கண்ணில் ஏறியது அன்றுதான்.

7.05க்குத் தண்ணீர் வந்தது. கணுக்கால் நனைய நின்றேன்.

“கும்பிட்டு முடிஞ்சிருச்சா?” என்றார்.

“முடிஞ்சிருச்சு.” ஒரு மந்திரம்கூடச் சொல்லவில்லை. ஆனாலும் பொய் சொன்னதாகத் தோன்றவில்லை.

“இந்தச் சாக்கை எங்க கொட்ட, பெரியம்மா?”

“எங்கன கொட்டுனாலும் மண்ணுதானம்மா. நீயே கொண்டு போ.”

போகிறவர்களுக்கு: தண்ணீர் பாய்ச்சும் நேரத்தை முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். வட்டம் போட அரிசிமாவு போதும், எறும்பாவது தின்னும்.

பத்தாம் நாள் பாண்டியம்மாள் போன் செய்தார். கன்றுகள் எல்லாம் புதுக் குருத்து விட்டிருக்கின்றனவாம். போனை வைத்துவிட்டு மொட்டைமாடிக்குப் போனேன். மதுரைக்குத் தூக்கி வந்த அந்த உப்பு மண் சாக்கு அங்கேதான் இருக்கிறது. அதைக் கொட்ட ஓர் இடம் இன்னும் கிடைக்கவில்லை.