தம்பிக்குத் தேவைப்பட்ட என் கோபம்

என் தம்பிக்கு ஒரே பகலில் ஞானம் வந்துவிட்டது. கடல் தாண்டி ஏதோ ஒரு நாட்டில், கண்ணைக் கட்டிப் படுக்கவைத்து, பக்கத்தில் இரண்டு தெரபிஸ்டுகள் உட்கார்ந்திருக்க, காளானிலிருந்து எடுத்த மருந்தைக் கொடுத்தார்களாம். எழுந்தபோது பல வருஷத்து மனச்சோர்வு போயிருந்ததாம். அவனும் பிரபஞ்சமும் ஒன்றாகிவிட்டார்களாம். அந்த ஒற்றுமையோடு போன மழைக்காலம் மைசூருக்கு வந்து இறங்கினான், சரஸ்வதிபுரத்தில் அப்பா விட்டுப்போன வீட்டைக் காலி செய்து விற்க.

வாடகைக்காரர் நகர மாட்டேன் என்றார். அதற்கு நான் வேண்டும். எங்கள் குடும்பத்தில் சண்டை என் இலாகா. தெருவுக்குத் தண்ணீர் திறந்துவிடுகிறவர், கல்யாண மண்டபத்து மேனேஜர், யாரானாலும் என்னை முன்னால் தள்ளிவிட்டு என் முதுகுக்குப் பின்னால் நின்றே வளர்ந்தவன் அவன்.

இரண்டு பேருமாகப் போனோம். வாடகைக்காரர் கேட்டைப் பாதி திறந்து, "ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி மேடம்" என்று, கொஞ்சம் அனுசரித்துப் போகும்படி கன்னடத்தில் சொல்லிச் சிரித்தார். மகளுக்குப் பரீட்சையாம். சரி, முடியட்டும் என்று சொல்லிவிட்டு நான் திரும்பிவிட்டேன்.

ஆட்டோவில் தம்பி பல்லைக் கடித்தான், அன்போடு.

"என்னக்கா இது, அவன் சிரிச்சா நீயும் சிரிச்சிட்டு வர்ற."

"பரீட்சைங்கறாரே."

"இது நீயே இல்ல. அந்த மாத்திரை உன்னைக் கவர்ல போட்டு ஒட்டிடுச்சு. என்னை மருந்து திறந்துச்சு. உன்னை மூடிடுச்சு."

முழுப் பொய் என்றால் மன்னித்திருப்பேன். மனச்சோர்வுக்கு நான் மாத்திரை தொடங்கி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அழுகை வருவதில்லை. கோபம் வருகிறது, ஆள் போன பிறகு வருகிறது. குக்கரஹள்ளி ஏரியில் கொக்கு எழும்பினால், கொக்கு எழும்பியது என்று தெரிகிறது. முன்பு என் நெஞ்சும் சேர்ந்து எழும்பும், பிறகு ஒரு வாரம் விழுந்து கிடக்கும். எழுதுகிறேன், வரிகள் முன்போல் கடிப்பதில்லை. ஆனால் மாத்திரைக்கு முந்தைய மாதங்களை அவன் பார்க்கவில்லை. படுக்கையிலிருந்து குளியலறைவரை போவதே மலையேற்றமாக இருந்தது. பீன்ஸ் நறுக்கிக்கொண்டே, செத்துப்போனால் நல்லது என்று, பால் வாங்க வேண்டும் என்பதைப் போல நினைத்துக்கொண்டிருந்தேன். அப்போது அவன் ஃபோனில் சிவப்பு இதயங்கள் அனுப்பிக்கொண்டிருந்தான்.

என் கணவர் மாத்திரைக் கட்சி. வீடு சத்தமில்லாமல் இருக்கிறதாம். அந்த ஆதரவும் எனக்குக் கசந்தது.

அந்த வாரமே, ஃப்ரிட்ஜ் மேல் டப்பாவில் இருந்த மாத்திரை அட்டை காணாமல் போயிற்று. நானே எங்கோ வைத்து மறந்தேன் என்று வீட்டைப் புரட்டினேன். மெடிக்கலில் புதுச் சீட்டு கேட்டார்கள். டாக்டர் ஊரில் இல்லை. மாத்திரை இல்லாத மூன்றாம் நாள் தலைக்குள் மின்சாரம் பாய்ந்தது, கண்ணைத் திருப்பினாலே சுரீர் என்று. சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பழைய பீன்ஸ் நினைப்பு வாசலில் வந்து நிற்பதுபோலிருந்தது.

தம்பி வந்து தோளில் கை வைத்தான். "பயப்படாதக்கா. நான்தான் எடுத்து வச்சேன். நீ திரும்பி வந்துட்டிருக்க. ரெண்டு நாள்ல இன்னொரு வாட்டி அந்த வீட்டுக்குப் போலாம்."

கத்தினேன். எதிர் வீட்டு ஜன்னல் திறந்தது. நிறுத்தினால் என்ன ஆகும் என்று யாரைக் கேட்டாய், நான் உயிரோடு இருப்பது உனக்கு வேண்டுமா, வீடு காலியாவது வேண்டுமா என்று கேட்டேன். அவன் முகம் மலர்ந்தது.

"இதுதான் எங்கக்கா. இதை அப்படியே அவன்கிட்ட காட்டேன்."

கையை நீட்டினேன். சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்துக் கொடுத்தான். அவன் எதிரிலேயே தண்ணீரில்லாமல் ஒன்றை விழுங்கினேன்.

"நீதான் பிரபஞ்சத்தோட ஒண்ணாயிட்டியேடா. அந்த ஆளும் அதுலதான் இருப்பார். போய் உனக்கு நீயே சொல்லிக்கோ, வீட்டைக் காலி பண்ணுன்னு."

மறுநாள் தனியாகப் போய்விட்டு வந்தான். செருப்பை மூலையில் எறிந்தான்.

"காபி கொடுத்தான் அந்தாளு. பரீட்சை முடியட்டும்னு சொல்லிட்டு வந்துட்டேன். எல்லாம் உன்னாலதான்."

சின்ன வயதில் என் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்த அதே குரல். தலைக்குள் மின்சாரம் இன்னும் அடங்கவில்லை. அவனைத் தட்டிக்கொடுக்கத் தோன்றவில்லை. அதற்கான பழியை மாத்திரையின் மேல் போட மாட்டேன்.