டெனிஸ் ஹெஃபர்னனின் ஓட்டு

நியூயார்க் மாநிலத்துச் சலைனா ஊரின் உப்புக் கொட்டகைகளில் முப்பது வருஷம் உப்புக் காய்ச்சியவர் கார்னீலியஸ் ஹெஃபர்னன். ஆவியில் நின்று நின்று இமைமயிர்கூட உதிர்ந்திருந்தது. ஜனநாயகக் கட்சி என்றால் அவருக்கு உயிர். எதிர்க்கட்சி ஜனாதிபதி லிங்கன் பெயரைக் கேட்டாலே காறித் துப்புவார். உள்நாட்டுப் போரில் ஒரே மகன் டெனிஸ் அதே லிங்கனின் படையில் சேர்ந்தபோது, "இனி இந்த வாசப்படிய மிதிக்காத" என்று சொல்லிவிட்டார். இரண்டு வருஷம் இருவருக்கும் கடிதம்கூட இல்லை.

1864 அக்டோபர் கடைசியில் வர்ஜீனியாவிலிருந்து ஓர் உறை வந்தது. சிப்பாய்கள் ஓட்டுச்சீட்டை உறையிலிட்டு ஒட்டி ஊருக்கு அனுப்பலாம், நம்பிக்கையானவர் ஒருவர் கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று நியூயார்க்கில் அந்த வருஷம்தான் சட்டம் வந்திருந்தது. டெனிஸ் தன் அப்பாவின் பெயரை எழுதியிருந்தான்.

தேர்தலன்று எங்கள் வார்டில் ஓட்டு வாங்க உட்கார்ந்த மூவரில் நானும் ஒருவன். கார்னீலியஸ் உறையோடு வந்து நின்றார். வரிசையில் அவர் பின்னால் நின்ற, பீப்பாய் செய்யும் மல்வேனி சீண்டினான்.

"என்னய்யா கார்னி, உள்ள லிங்கன் இருந்தா உன் கை வெந்துடப் போவுது!"

"அவன் ஓட்டு, அவன் இஷ்டம். உன் வேலையப் பாரு."

"டெனிஸ் எப்படி இருக்கான் அண்ணே?" என்று கேட்டேன்.

என் தலைக்கு மேலே சுவரைப் பார்த்தார். "இருக்கான்."

உறையைப் பிரித்தேன். லிங்கன் சீட்டுதான். பெட்டியில் போட்டேன். பின்னால் கொல்லென்று சிரித்தார்கள்.

"பெட்டிக்குள்ள விழுந்துடுச்சா?" என்றார் கார்னீலியஸ்.

"விழுந்துடுச்சு அண்ணே."

பிறகு தன் கட்சிச் சீட்டைப் போட்டுவிட்டு, யாரையும் பார்க்காமல் போனார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் டெனிஸின் ஆன்மாவுக்குப் பூசை வைத்தார்கள். குண்டடிபட்டு அக்டோபர் இருபத்தொன்பதாம் தேதி ராணுவ ஆஸ்பத்திரியில் இறந்திருக்கிறான். கார்னீலியஸின் மனைவி ஹனோரா என் மனைவியின் தோளில் சாய்ந்து அழுதாள்: "ஓட்டுக்கு முந்தின நாளே கடிதாசி வந்துடுச்சாம். எங்கிட்டகூடச் சொல்லாம சட்டைப்பையில வச்சுக்கிட்டே சுத்தியிருக்காரும்மா."

செத்தவன் ஓட்டு செல்லாது. நான் மேலதிகாரிகளிடம் சொல்லியாக வேண்டும். முதலில் அவரிடம் போனேன்.

"சொல்லணும்னா சொல்லிடுப்பா" என்றார். "ரெண்டு வருஷத்துல அவன் எங்கிட்ட கேட்டது அது ஒண்ணுதான்."

நான் யாரிடமும் சொல்லவில்லை. மாநிலத்தில் லிங்கன் ஏழாயிரத்துக்கும் குறைவான ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார்.

சண்டை முடிந்ததும் கார்னீலியஸ் மகனின் குழியைத் தேடி வர்ஜீனியாவுக்குப் போனார். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் பெயரில்லாத குழிகள் இருநூறுக்கு மேல் இருந்தனவாம். எது டெனிஸ் என்று யாருக்கும் தெரியவில்லை. மூன்று நாள் அவற்றுக்கிடையே நடந்துவிட்டுத் திரும்பினார். இதை என்னிடம் மட்டும்தான் சொன்னார். மகனைப் புதைத்த இடம் எப்படி என்று ஹனோரா கேட்டதற்கு, "நல்ல எடம்தான். பக்கத்துலயே மரம் ஒண்ணு நிக்குது" என்றாராம்.