செய்ததைச் சொல்லி வாங்கிய பட்டம்

ஒரு ஹாலில் இருக்கிற அத்தனை பேரும் ஒரே நேரத்தில் வினாத்தாளைப் புரட்டினால் ஒரு சத்தம் வரும். அதை நான் முதலில் கேட்டது ஸ்ரீவில்லிபுத்தூரில், பள்ளி இறுதித் தேர்வில். கோபுரத்திலிருந்து புறாக்கள் மொத்தமாகக் கிளம்புகிற மாதிரி ஒரு படபடப்பு, அதன் பிறகு பெரிய அமைதி. அதற்கப்புறம் நிறையத் தேர்வுகள் எழுதினேன், நிறைய ஹால்களில் கண்காணிப்பாளராக நின்றேன், கல்லூரியிலிருந்து ஓய்வும் பெற்றேன். அந்தப் படபடப்பு மட்டும் வயிற்றை விட்டுப் போகவில்லை. உங்களுக்கும் போயிருக்காது. தேர்வு எழுதியவர்கள் எல்லாரும் ஒரு வகையில் சொந்தக்காரர்கள்தானே.

இப்போது நான் பார்க்கிற தொழில் கொஞ்சம் விசித்திரமானது. பாடம் நடத்துவதில்லை. பாடப் புத்தகத்தைத் திறக்காமலே கற்றுக்கொண்டவர்கள், கற்றதைக் கல்லூரிக் கணக்கில் ஏற்றிக்கொள்ள உதவுகிறேன். ராஜபாளையத்தில் ஒரு மாடியில் இருக்கிறது எங்கள் தொலைநிலைக் கல்வி மையம். ஞாயிறு மட்டும் திறப்போம். வீட்டில் பேச ஆளில்லாதவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ரொம்ப நீளம். ஆலோசகராக வருகிறீர்களா என்று கேட்டதும் நான் பஸ் ஏறிவிட்டேன்.

இங்கே ஒரு பாடத்தைத் தேறியதாகக் கணக்கில் ஏற்றும் கிரெடிட்டை மூன்று வழியில் வாங்கலாம். வகுப்புக்கு வந்து படிக்கலாம். தெரிந்த பாடம் என்றால் வகுப்பே வேண்டாம், நேராகத் தேர்வு எழுதிவிடலாம். வருஷக்கணக்காகச் செய்த வேலையே பாடமாக இருந்தால், சான்றுகளோடு ஒரு கோப்பு தயார் செய்து, வெளியூர்க் குழு முன்னால் பேசி வாங்கலாம். கோப்புக்கு உதவுவது மட்டும்தான் என் வேலை. மார்க் போடுவது நானில்லை என்று சொன்னால் வருகிறவர்கள் ஒருவரும் நம்புவதில்லை.

சான்று சூடாக வந்தது

செட்டியார்பட்டி மாடசாமி கல்யாணச் சமையல்காரர். உணவு மேலாண்மை டிப்ளமோவில் ஒரு பாடத்தை அனுபவத்தின் பேரில் கேட்டிருந்தார். செய்த வேலைக்குச் சான்று கொண்டு வாருங்கள் என்று நான் சொல்லியிருந்தேன். சமைக்கச் சொன்ன வீட்டுக்காரர்கள் தரும் கடிதம், பந்தியின் புகைப்படம், அப்படி ஏதாவது. குழு வந்த அன்று அவர் ஆட்டோவிலிருந்து இறங்கினார், கையில் இரண்டு தூக்குவாளி. ஒன்றில் வெண்பொங்கல், மற்றதில் கத்தரிக்காய் கொத்சு. மாடிப்படியில் நெய் வாசனை அவருக்கு முன்னால் ஏறி வந்தது.

எங்கள் மையத்துத் தலைவர் கோதண்டராமன் சார் பதறிப்போனார். விதிமுறைப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். குழு சாப்பிடலாம் என்றும் இல்லை, கூடாது என்றும் இல்லை. குழுத் தலைவி லேசில் சிரிக்காத ஓர் அம்மாள். வாளியை ஒரு பார்வை, கடிகாரத்தை ஒரு பார்வை பார்த்தவர், தட்டு இருக்கிறதா என்று கேட்டார். குழுவில் இருந்த மூன்று பேரும் சாப்பிட்டார்கள். அதற்கப்புறம்தான் கேள்விகள் ஆரம்பித்தன. மாடசாமி எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார், கிரெடிட்டும் கிடைத்தது. வெளியே வந்ததும் கோதண்டராமன் சார், "நாளைக்கு மேலிடத்துல கேட்டா நான் என்னத்தக் காட்டுவேன்? ஒரு போட்டோவாவது கொண்டாந்திருக்கக் கூடாதாய்யா?" என்று அழாத குறையாகக் கேட்டார்.

"போட்டோவ நக்கிப் பாத்தா உப்பு இருக்கான்னு தெரியுமா சார்?" என்றார் மாடசாமி.

கேட்டுக்குப் பக்கத்து அறை

அந்த வருஷம்தான் எஸ்தர் வந்தாள். நாற்பதைத் தாண்டியவள். ஒரு நூற்பாலையின் பெண்கள் விடுதியில் வார்டன். ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வேலைக்கு வருகிற பிள்ளைகள் தங்கும் விடுதி அது. கேட்டுக்குப் பக்கத்தில் வார்டனுக்கு ஓர் அறை. அதில் அவளும், எழுந்து நடமாட முடியாத அவள் அம்மாவும் இருந்தார்கள். மில் கைமாறியது. புதிதாக வந்தவர்கள், வார்டன் பட்டதாரியாக இருக்க வேண்டும், இந்தக் கல்வியாண்டுக்குள் பட்டம் இல்லையென்றால் வேறு ஆளைப் போடுவோம் என்று சொல்லிவிட்டார்கள். வேலை போனால் அறையும் போகும்.

எஸ்தர் சின்ன வயதில் தபால் வழியில் பி.ஏ. சேர்ந்து பாதியில் விட்டவள். பழைய பாடங்களைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகு மூன்று பாடம் பாக்கி நின்றது. இந்தி, கணினி இரண்டுக்கும் நேராகத் தேர்வு எழுதலாம். விடுதி மேலாண்மைக்கு அனுபவம் இருக்கிறது. விண்ணப்பத்தில் "பட்டம் பெற விரும்பும் காரணம்" என்று ஓர் இடம் உண்டு. என்ன எழுதட்டும் என்று கேட்டேன்.

"அறிவு வளர்ச்சின்னு எழுதிக்கோங்க டீச்சர். நெசத்துக்கு அந்த ரூம்தான். எங்கம்மாவத் தூக்கிக்கிட்டு நான் எங்க போவேன்?"

அதட்டல் இந்தி

இந்தி பேசுவதில் அவளுக்குச் சிரமமே இல்லை. விடுதிப் பிள்ளைகளிடமிருந்து பிடித்துக்கொண்டது. ஆனால் அது முழுக்க முழுக்க வார்டன் இந்தி. எழுந்திரு, குளி, ஃபேனை நிறுத்து, தட்டைக் கழுவு, போனை வை. கெஞ்சுவதற்கோ கொஞ்சுவதற்கோ அவளிடம் ஒரு வார்த்தையும் கிடையாது. எழுதப் படிக்க அந்தப் பிள்ளைகளே கற்றுக்கொடுத்தார்கள். வார்டன் எழுதியதில் சிவப்பு மை போட அவர்களுக்குள் போட்டியாம்.

வினாத்தாளில், உங்கள் ஊர்த் திருவிழாவுக்குத் தோழியை அழைத்துக் கடிதம் எழுதுக என்று ஒரு கேள்வி. தேர்வு முடிந்து வெளியே வந்தவள் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். என்ன ஆயிற்று என்றேன். கொஞ்ச நாள் கழித்து வந்த முடிவில் தேறித்தான் இருந்தாள். திருத்தியவர் அந்தக் கடிதத்தைப் படித்தபோது அவர் முகத்தைப் பார்த்திருக்கலாமே என்று இப்போதும் நினைத்துக்கொள்வேன்.

"ஆண்டாள் தேருக்கு வான்னு நல்லாத்தான் ஆரம்பிச்சேன் டீச்சர். கடைசியில, ஒம்பது மணிக்குள்ள வரலைன்னா கேட்டப் பூட்டிருவேன்னு எழுதிட்டேன்."

திரும்பாமல் இருப்பது

கணினித் தேர்வைக் கணினியிலேயே எழுத வேண்டும். நம் காலத்தில் கண்காணிப்பாளர் கால் வலித்து ஒரு நிமிஷமாவது உட்காருவார். இப்போது திரைக்கு மேலே ஒரு கேமரா, அது உட்காருவதும் இல்லை, கொட்டாவி விடுவதும் இல்லை. எழுதுகிறவர் தலையைத் திருப்பினால் எச்சரிக்கை வரும். மூன்றாவது எச்சரிக்கையில் தேர்வு தானாக மூடிக்கொள்ளும்.

எஸ்தருக்குப் பின்னால் இரண்டு பெண்கள் ஏதோ கிசுகிசுத்தார்கள். எஸ்தர் திரும்பி முறைத்தாள். முதல் எச்சரிக்கை. பெண்கள் அடங்கினார்கள், கொஞ்ச நேரத்தில் மறுபடி தொடங்கினார்கள், இவளும் மறுபடி திரும்பினாள். மூன்றாவது தடவை, "உஷ்" என்று விரலையும் உயர்த்தினாள். திரை அணைந்துவிட்டது. நல்ல வேளையாக இன்னொரு வாய்ப்பு உண்டு. அடுத்த முறை அவள் இரண்டு காதிலும் மில் பஞ்சை அடைத்துக்கொண்டு வந்தாள். கேமரா பஞ்சைக் கண்டுகொள்ளவில்லை. தேறினாள். முதல் முறை தோற்ற அன்று நான் கொஞ்சம் கோபமாகவே, ஒரு மணி நேரம் திரும்பாமல் இருக்க முடியாதா என்று கேட்டிருந்தேன்.

"பின்னால பேச்சுச் சத்தம் கேட்டாத் திரும்பிப் பாக்கத்தான டீச்சர் எனக்குச் சம்பளமே கொடுக்காவ?"

செய்தது யார்?

மிச்சம் இருந்தது விடுதி மேலாண்மை. இத்தனை வருஷம் செய்த வேலை, இதுதான் சுலபம் என்று நினைத்தேன். கோப்பைப் படித்துப் பார்த்ததும் எனக்குப் பயம் வந்தது. "மேனேஜர் சார் சொன்னபடி சாப்பாட்டு நேரம் மாற்றப்பட்டது." "பிள்ளைகள் ஒத்துழைப்பால் சண்டை தீர்ந்தது." "பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தபோது கர்த்தர் காத்தார்." விடுதியில் எல்லாம் நடந்திருக்கிறது, எஸ்தர் மட்டும் அங்கே இல்லை. குழுவோ, நீங்கள் என்ன செய்தீர்கள் என்று மட்டுமே கேட்கும். மற்றவர்கள் செய்ததற்கு மார்க் கிடையாது.

இது அவள் ஒருத்தியின் கோளாறு இல்லை. என் கணவர் இறந்த அன்று பந்தல் முதல் பால் வரை எல்லாவற்றையும் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டுக்காரரிடம் பிறகு நன்றி சொன்னேன். "நான் என்னத்தச் செஞ்சேன், சும்மா நின்னேன்" என்றார். நாமெல்லாம் அப்படிச் சொல்லித்தான் வளர்ந்திருக்கிறோம். எதிரே உட்கார்ந்திருந்த கோதண்டராமன் சாரிடம், இந்த மையத்தை இத்தனை காலம் நடத்தியது யார் என்று கேட்டேன். "ஆண்டாள் நடத்துறா" என்றார், காகிதத்திலிருந்து தலையைத் தூக்காமல். நான் எஸ்தரிடம், நான் செய்தேன் என்று ஒரே ஒரு தடவை சொல்லிப் பார், வாய் வலிக்காது என்றேன்.

"பெருமை பாவம்லா டீச்சர். ஒரு கிரெடிட்டுக்காகப் பாவம் பண்ணச் சொல்லுதியளே."

சாட்சி

குழு வந்த ஞாயிறன்று எஸ்தர் காலை ஆராதனை முடிந்து அப்படியே வந்துவிட்டாள், வெள்ளைப் புடவை, கையில் பைபிள். குழுவில் அதே சிரிக்காத அம்மாள். நான் குறிப்பெடுக்கிறவளாக ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறக்க எனக்கு அனுமதி இல்லை. விடுதியில் என்ன பிரச்சினை வந்தது, நீங்கள் என்ன செய்தீர்கள் என்று கேட்டார்கள். நான் என்ன மேடம் செஞ்சேன், எல்லாரும் சேந்து பாத்துக்கிட்டோம் என்றாள். இன்னொரு கேள்வி, அதற்கும் அதே பதில். தலைவி பேனாவை மூடி மேஜையில் வைத்தார். "நீங்களாச் செஞ்சதுன்னு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. இல்லேன்னா நான் எதுக்கு மார்க் போட?" அந்த அம்மாளின் குரலில் கோபம் இல்லை. அதனால்தான் என் பேனாவும் குறிப்பின் பாதியில் நின்றது. பட்டம் மட்டுமா போகிறது, ஒரு கட்டிலும் அதில் படுத்திருக்கிற ஒரு கிழவியும் அல்லவா தெருவுக்கு வரப் போகிறார்கள்?

எஸ்தர் தரையைப் பார்த்தாள். பிறகு, "சர்ச்ல சாட்சி சொல்லுவோம் மேடம். எழுந்து நின்னு, நடந்தத நடந்தபடி. அப்படிச் சொல்லட்டுமா?" என்றாள். தலைவி தலையசைத்தார். எஸ்தர் எழுந்து முந்தானையை முக்காடாக இழுத்துவிட்டாள். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள். வேறொரு குரல் வந்தது. நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, மெள்ள உயர்ந்து போகிற குரல். இத்தனை மாதம் பழகியும் நான் கேட்டிராத குரல்.

பழைய நிர்வாகம் இருந்த சமயம். பிள்ளைகள் ஒவ்வொருத்தியாக வாந்தி எடுத்துப் படுத்தார்கள். தண்ணீர்த் தொட்டியைத் திறந்து பார்க்கும்படி கர்த்தர் அவள் மனதில் சொன்னார். ஏணி வைத்து ஏறினாள். உள்ளே ஒரு புறா செத்து மிதந்தது. குழாயை அடைத்தாள், அடுப்பில் அண்டாவை ஏற்றினாள், குடிதண்ணீர் லாரிக்குப் போன் பண்ணினாள். மதிய ஷிஃப்டுக்கு ஆள் அனுப்பச் சொல்லி மில்லிலிருந்து மேஸ்திரி வந்தார். நிற்க முடிந்தவர்களையாவது அனுப்பு என்று சத்தம் போட்டார். டாக்டர் வந்து பார்க்காமல் ஒரு பிள்ளையும் போகாது என்று கேட்டைப் பூட்டினாள், கர்த்தர் அவளை அதற்குக் குறுக்கே நிற்க வைத்தார். மேனேஜரே வந்தார். அப்போதும் கர்த்தர் அவளை நகர விடவில்லை. சாயங்காலம் டாக்டர் வந்தார். எல்லாப் பிள்ளைகளும் பிழைத்தார்கள். ஆமென் என்று சொல்லிக் கண்ணைத் திறந்தாள்.

தலைவி பேனாவைத் திறந்தார். "கேட்டுக்குக் குறுக்க நின்னது யாரு?" "கர்த்தர் நிக்க வச்சார் மேடம்." "சரி. நின்ன காலு யாருது?" எஸ்தர் இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. குனிந்து தன் காலைப் பார்த்தாள். "என் காலுதான் மேடம். பொறவு ரெண்டு நாளு வலிச்சுது." அந்த அம்மாள் சிரித்ததை அன்றுதான் முதலும் கடைசியுமாகப் பார்த்தேன்.

"அப்ப நான் காலுக்கு மார்க் போட்டுக்கறேன். மத்தத அடுத்த வாரம் சர்ச்ல சொல்லிக்கோங்க."

எஸ்தர் இப்போதும் அதே விடுதியில் வார்டன். கேட்டுக்குப் பக்கத்து அறையில் படுத்தபடியே அவள் அம்மா, பார்க்க வருகிறவர்களிடமெல்லாம், கர்த்தர் எங்களுக்கு பி.ஏ. பாஸ் பண்ணிக் கொடுத்தார் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.