எனக்கே கொடுக்காத கவர்

எங்கள் வீட்டில் எலுமிச்சம்பழம் வாங்கினால் சாறு பிழியத்தான், வாசலில் கட்ட அல்ல. பர்கூர் கல்குவாரியில் வேலை பார்த்த என் அப்பா, "பேய் வந்தா அதுக்கும் ஒரு பக்கம் கல்லப் புடிக்கச் சொல்லு" என்பார். அப்படி வளர்ந்தவள் நான். நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும், தாராளமாகச் சிரியுங்கள், ஆனால் முழுதும் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

இரண்டாயிரத்து சொச்சத்தில் நடந்தது. ஓசூரில் வண்டிகளுக்கு உதிரிப்பாகம் செய்கிற தொழிற்சாலை, அதில் கம்ப்யூட்டர் பிரிவு என்றால் நான் ஒருத்திதான். ஒருநாள் டிசைன் பிரிவில் ஒருவருக்குப் போன். "ஹெட் ஆபீஸிலிருந்து பேசுகிறேன், பாஸ்வேர்டு சொல்லுங்கள்" என்று எவனோ கேட்க, இவரும் மாமன் மச்சானிடம் பேசுவதுபோலச் சொல்லிவிட்டார். நல்லவேளை, நான் கவனித்து உடனே இன்டர்நெட் வயரைப் பிடுங்கினேன், எதுவும் வெளியே போகவில்லை. ஆனால் விஷயம் எங்களுக்கு ஆர்டர் கொடுக்கிற கம்பெனியின் காதுக்குப் போய்விட்டது. அவர்களுடைய புது வண்டியின் வரைபடங்கள் மொத்தமும் எங்கள் சர்வரில்தான். "திங்கட்கிழமை வந்து பார்ப்போம், பாதுகாப்பு சரியில்லை என்றால் ஆர்டர் கிடையாது" என்று சொல்லிவிட்டார்கள். ஆர்டர் போனால் ஒரு ஷிஃப்ட்டே வீட்டுக்குப் போகும், முதல் ஆளாக நான் போவேன்.

சோறு தண்ணி மறந்து வேலை பார்த்தேன். குலதெய்வம் பெயர், பெண்டாட்டி பெயர் என்று வைத்திருந்த எல்லோருடைய பாஸ்வேர்டையும் மாற்ற வைத்தேன். சர்வரின் பெரிய பாஸ்வேர்டுதான் தலைவலி. என் மண்டையில் இருந்தால் நாளைக்கு என்னையே ஒருவன் ஏமாற்றி வாங்கிவிடுவானே! மனப்பாடம் ஆகாத நீளத்தில் ஒன்றை உருவாக்கி, கவரில் போட்டு, அரக்கு வைத்து, ஸ்டோர்ஸ் நஞ்சப்பாவிடம் கொடுத்தேன். அவர் ஸ்லிப் இல்லாமல் முதலாளிக்கே ஒரு நட்டு தராத மனிதர். கையுறை கிழிந்து ரத்தத்தோடு போய் நின்றாலும் "ஸ்லிப் எல்லி?" என்று கன்னடத்தில்தான் முதல் கேள்வி கேட்பார், ஸ்லிப் எங்கே என்று. நானும் மேனேஜரும் கையெழுத்துப் போட்ட ஸ்லிப் இருந்தால் மட்டும் கவர், நானே வந்து நின்றாலும் தரக்கூடாது என்று அவரிடம் சொன்னேன். நட்டு போல்ட்டோடு பாஸ்வேர்டா என்று ஆபீஸே சிரித்தது, சிரிக்கட்டும் என்று விட்டேன்.

ஞாயிறு பர்கூர் வீட்டுக்குப் போயிருந்தவள், திங்கட்கிழமை விடியலிலேயே பஸ் ஏறினேன். குருபரப்பள்ளி தாண்டவில்லை, டமாரென்று டயர் வெடித்தது. ஸ்டெப்னியிலும் காற்றில்லை, பின்னால் வந்த பஸ்ஸெல்லாம் நிரம்பி வழிந்தது. ஒன்பதரை மணிக்கு நான் ரோட்டோர டீக்கடையில் உட்கார்ந்து டிரைவரைத் திட்டிக்கொண்டிருந்தேன், இதற்கு அந்த பஸ்ஸே சாட்சி. தொழிற்சாலை கேட்டுக்கு வந்து சேரும்போது பதினொன்றரை.

வாட்ச்மேன் முனிராஜ் ரெஜிஸ்டரை நீட்டவில்லை. "எதுக்கும்மா மறுபடியும்? காலையிலயே கையெழுத்துப் போட்டுட்டு உள்ள போனீங்களே. எப்ப வெளிய வந்தீங்கோ, நான் பாக்கலியே?" என்றார். பிடுங்கிப் பார்த்தேன். ஒன்பது முப்பது, என் பெயர், என் கையெழுத்து. யாரோ என்னைப் போலப் போட்டிருக்கிறார்கள் என்றுதானே நினைப்பீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அந்தப் போன் வந்த நாளிலிருந்து கையெழுத்துக்குக் கீழே சின்னதாக ஒரு புள்ளி வைக்கிறேன், அதை யாரிடமும் சொன்னதில்லை. புள்ளி இருந்தது.

நானும் கையெழுத்துப் போட்டுவிட்டு ஸ்டோர்ஸுக்கு ஓடினேன்.

"கவர் எங்க சார்?"

"ஸ்லிப் கொண்டாந்தீங்களா?"

"சார், காலையில யாரு வந்தாங்க?"

"அய்யோ தேவ்ரே, நீங்கதாம்மா! இதே புது சுடிதாரு. கவரக் குடுங்க நஞ்சப்பா சார்னீங்க, ஸ்லிப் எல்லின்னேன். எனக்கேவான்னீங்க, உங்களுக்கேதான்னேன். நாலு தடவ கேட்டீங்க, அப்புறம் மொறச்சுட்டு மிஷின் பக்கமா போயிட்டீங்க."

தங்கை தைத்துக்கொடுத்த சுடிதார் அது, அன்றைக்குத்தான் முதல் தடவை போட்டேன். நான் குருபரப்பள்ளியில் இருந்தேன் சார் என்று சொன்னால் மனிதர் விழுந்து விழுந்து சிரிக்கிறார். "பரீட்ச வெச்சீங்க, நான் பாஸாயிட்டேன். உடுங்கம்மா!" பீரோவைத் திறந்து கவரைக் காட்டினார், அரக்கு உடையவில்லை. நான் குனிந்து அரக்கை உற்றுப் பார்த்தேன். அந்தப் பயத்திலும் எனக்குக் கர்வமாக இருந்தது. வந்தது யாராகவோ, எதுவாகவோ இருக்கட்டும், என் முகத்தோடும் என் குரலோடும் வந்தும் நான் போட்ட பூட்டைத் திறக்க முடியவில்லையே!

மதியம் கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். குடைந்து குடைந்து பார்த்துவிட்டு, அவர்களில் பெரியவர் நஞ்சப்பாவிடம், "உங்க முதலாளி வந்து கேட்டா என்ன பண்ணுவீங்க?" என்றார்.

"முதலாளி என்ன சார், காலையில இந்தம்மாவே நாலு தடவ கேட்டாங்க. குடுத்தனான்னு கேளுங்க."

அவர் என் பக்கம் திரும்பி, "நிஜமாவா?" என்றார். நான் என்னத்தைச் சொல்ல? "நிஜம்தான் சார்" என்றேன். அவர் கைதட்டினார், நம்புங்கள், எழுந்து நின்று கைதட்டினார். ஆர்டர் நிலைத்தது. யார் வேலையும் போகவில்லை. இன்று அந்தப் பிரிவுக்கு நான்தான் தலைவி, எனக்குக் கீழே பதினோரு பேர் இருக்கிறார்கள், ஆனாலும் கவருக்கு ஸ்லிப் வேண்டும் என்ற விதியை மட்டும் நான் மாற்றவிடவில்லை. பழைய பஞ்சாங்கம் என்று புது ஆட்கள் முணுமுணுப்பது காதில் விழத்தான் செய்கிறது.

ஆனால் அன்று மாலை ஒன்று நடந்தது. நான் வெளியே போகும் கையெழுத்தைப் போட்டுக்கொண்டிருந்தேன். கேட் பூட்டுவதற்கு முன்னால் உள்ளே போனவர்களையும் வெளியே வந்தவர்களையும் சரிபார்ப்பது முனிராஜின் வழக்கம். விரலை வைத்து எண்ணிக்கொண்டே வந்தவர் நின்றார். "இடிக்குதும்மா" என்றார். "உள்ள போனதுக்கு உங்க கையெழுத்து ரெண்டு இருக்குது. வெளிய வந்ததுக்கு ஒண்ணுதான்."

அந்த ரெஜிஸ்டர் இப்போது என் அலமாரியில் இருக்கிறது. ஒன்பது முப்பதுக்கு நேரே உள்ள கட்டம் இன்னும் காலி.