கம் கிளீன், ஓன் அப்

துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஓர் ஏற்றுமதி அலுவலகத்தில் எனக்குக் காகித வேலை. மருந்துக்குப் போகும் நிலாவரை இலையைக் கண்டெய்னரில் ஏற்றி, கதவைப் பூட்டி சீல் வைப்பார்கள். அந்தச் சீலின் எண்ணைக் காகிதங்களில் டைப் செய்து வெளிநாட்டில் வாங்குபவருக்கு அனுப்புவது என் பொறுப்பு.

போன வருடம் ஒரு கண்டெய்னர் போய்ச் சேர்ந்த துறைமுகத்திலேயே நின்றுவிட்டது. சீலில் ஓர் எண், காகிதத்தில் வேறோர் எண். வழியில் யாராவது திறந்தீர்களா என்று வாங்குபவர் கேட்டார். தெரியாது என்று எழுதினோம். இரண்டாம் நாள் ஒற்றை வரி வந்தது: ‘ப்ளீஸ் கம் கிளீன்.’

கண்டெய்னர் சுத்தமாக இருந்ததா என்று கேட்கிறார் போலும் என நினைத்தேன். நன்றாகக் கழுவித்தான் அனுப்பினோம் என்று எழுதி, கழுவியதிலிருந்து கதவைப் பூட்டியது வரை எடுத்த போட்டோக்களையும் இணைத்தேன். அரை மணி நேரத்தில் பதில். அவர் கேட்டது அது இல்லையாம். தவறு செய்தவர் யாரோ ‘ஓன் அப்’ செய்யட்டுமாம்.

ஓன் என்றால் சொந்தம். அப் என்றால் மேலே. சேர்த்தால் ஒன்றும் விளங்கவில்லை. பக்கத்து மேசைத் தோழியைக் கேட்டேன். மணப்பாட்டுக்காரி, புருஷனுக்குக் கப்பலில் வேலை என்பதால் இப்படிப்பட்ட பேச்சு ஆங்கிலம் அவளுக்குப் பழக்கம். விழுந்து விழுந்து சிரித்தாள்.

“ஏளா, அவன் கண்டெய்னரையா கேக்கான்? ஒளிக்காம உண்மையச் சொல்லச் சொல்லுதான். ரெண்டுக்கும் அதான் அர்த்தம். ஃபெஸ் அப்புன்னும் சொல்லுவாவ.”

“அதுக்கு எதுக்குளா ஒரு அப்பு?”

“நாம ஒத்துக்கிடுதோம்னு சொல்லுதோம்லா, அதுல அந்தக் ‘கிடு’ எதுக்கு?”

ஒத்துக்கொள், ஒப்புக்கொள் என்று முணுமுணுத்துப் பார்த்தேன். தப்பை நம் பக்கம் எடுத்துக்கொள்வதாலா? யோசித்தபடியே, அனுப்பிய போட்டோவைப் பெரிதாக்கினேன். கதவில் சீல் தெளிவாகத் தெரிந்தது. கடைசி இரண்டு எண்கள் நாற்பத்தேழு. நான் அடித்திருந்தது எழுபத்துநான்கு.

மேலாளர் அறைக்குப் போனேன்.

“அண்ணாச்சி, நம்பர மாத்தி அடிச்சது நாந்தான்.”

அவர் தலையில் கைவைத்தார். “வழியில தொறந்திருப்பான்னு ரெண்டு நாளா அந்த லாரி டிரைவரல்லா ஏசிக்கிட்டு இருக்கேன். லோடே குடுக்காதியன்னு வேற சொல்லிட்டேனே.”

அங்கிருந்தே டிரைவருக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னேன். அவர் சாத்தான்குளத்தில் வீட்டில் சும்மா இருந்தார்.

“சொன்னியளே, அது போதும்மா. நாளைக்கு லோடு உண்டா?”

மேலாளரைப் பார்த்தேன். தலையாட்டினார்.

“உண்டு அண்ணாச்சி,” என்றேன்.

வாங்குபவருக்கு எழுதும்போது ஓன் அப் என்று போட்டுப் பார்க்க ஆசை. எங்கே வைப்பதென்று தெரியாமல், தப்பு என்னுடையது என்று நேராகவே எழுதினேன். திருத்திய காகிதம் போன பிறகு கண்டெய்னரை விட்டார்கள்.