புஷ்பவள்ளி பேருக்குப் பின்னால்

அமராவதிபுதூர்ப் பள்ளிக்கூடத்துச் சத்துணவுக்கூடத்தில் தினமும் நூற்றிருபது பிள்ளைகளுக்குச் சோறு பொங்குகிற புஷ்பவள்ளி, ஐம்பத்தொரு வயதில் பி.ஏ. வரலாறு முடித்தாள். தபாலில் படிக்கிற மூன்று வருடப் படிப்பு; அவளுக்கு எட்டு வருடம் பிடித்தது. ஆங்கிலத் தாள் மட்டும் நாலு தரம் அவளைக் குப்புறத் தள்ளியது. அஞ்சாம் தரம் இவள் அதைத் தள்ளிவிட்டாள். அதனால் வேலையில் ஒரு மாற்றமும் இல்லை, அதே கரண்டிதான். அடுத்த மாதம் மகள் சத்தியப்பிரியாவுக்குக் கல்யாணம். பத்திரிகையில் தன் பேருக்குப் பின்னால் 'பி.ஏ.' என்று விழவேண்டும், அது ஒன்றுதான் அவள் ஆசை.

நாத்தனார் சந்திரலேகா சும்மா இருக்கிற ஆளா? "சோறு பொங்குற கைக்கு எதுக்கு மதினி பி.ஏ.? எல்லாம் வெறும் பவுசு" என்றாள்.

"ஆமாத்தா, பவுசுதான். எட்டு வருசம் கண்ணு முழிச்சுப் படிச்சிருக்கேன், கொஞ்சம் பவுசா இருந்துக்கிறேன்" என்றாள் புஷ்பவள்ளி.

நாத்தனார் வாயை அடைத்தாயிற்று. புருஷன் கருத்தையாதான் ஒன்றும் பேசவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

காரைக்குடியில் அச்சகக்காரர் சோமு புரூஃப் தாளை நீட்டினார். மாப்பிள்ளை வீட்டாருக்கு ஆளுக்கொரு பட்டம். இந்தப் பக்கம் 'கருத்தையா – புஷ்பவள்ளி, பி.ஏ.' என்றிருந்தது. எட்டாவதோடு வயலில் இறங்கிய கருத்தையா அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எம்பேரு மட்டும் மொட்டையா நிக்கிதே சோமு" என்றார் மெதுவாக.

புஷ்பவள்ளிக்குச் சுருக்கென்றது. ஊரறிய இந்த மனுஷனைக் குனிய வைத்துத்தான் அந்த எழுத்து வேண்டுமா? "அத எடுத்துருங்கண்ணே" என்றாள். கண் கலங்கியதை மறைக்க முடியவில்லை.

சோமு பேனாவை எடுத்தார். கருத்தையா அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பொறு சோமு. ஒவ்வொரு பரீட்சைக்கும் வண்டில கூட்டியாந்து, முடியிற வரைக்கும் வெயில்ல கெடந்தவன் நானு. நாலு தடவ அழுதுக்கிட்டே வெளிய வந்தா. அஞ்சாவது தடவயும் போயி ஒக்காந்தா பாரு, நானா இருந்தா போயிருக்க மாட்டேன். எம்பேரு மொட்டையாவே இருந்துட்டுப் போகுது. அவ பேர்ல அது இருக்கட்டும். பெருசாப் போடு, எனக்குக் கண்ணாடி இல்லாம தெரியணும்."

"அம்புட்டுப் பெருசா வேணாங்க, சம்பந்தகாரவுக என்ன நெனைப்பாக" என்றாள் புஷ்பவள்ளி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"அப்பச் சின்னதாவே போட்டுரவாக்கா?" என்று சோமு கேட்டார்.

அவள் தாளை ஒருமுறை பார்த்தாள். "இல்லண்ணே, அவுக சொன்னபடியே போடுங்க" என்றாள்.